காலங்கடந்த குப்பி காவலாகுமா?

விடியற்காலை பெரட்டு முடிந்து நிரைக்குப் புறப்படும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் இப்பொழுது பால்வெட்டும் கத்தி, வாளி, தலைவிளக்கு ஆகியவற்றோடு மற்றொரு பொருளையும் மடியில் செருகிக்கொண்டு போகிறார்கள். பெருவிரல் பருமனுள்ள சிறு குப்பி அது. கடைக்காரர் அதை 'பெப்பர் ஸ்பிரே' என்கிறார். மிளகாய்ச் சாற்றைக் காற்றழுத்தத்தில் அடைத்து வைத்த தெளிப்பான் என்று நாம் சொல்லலாம். வழிமறிக்கும் முரடனின் முகத்தில் அடித்துவிட்டு ஓடித் தப்புவதற்காக வாங்கப்படுவது.

சென்ற மாதம் நம் அலுவலகத்திற்கு வந்த ஒரு சகோதரி சொன்ன செய்தியே இந்தத் தலையங்கத்தை எழுதத் தூண்டியது. அவர் பால்வெட்டுத் தொழிலாளி. பொழுது புலருமுன் தனியே நிரைக்குப் போகும் வழியில், குடித்திருந்த ஒருவன் பெலுக்கார் ஓரத்திலிருந்து வந்து மறித்திருக்கிறான். அவர் பதறாமல் குப்பியை எடுத்து நீட்டி அழுத்தினார். சீறிப் பாயவேண்டிய சாறு இரண்டு சொட்டாக அவர் விரலிலேயே வழிந்தது. நல்ல வேளையாக மண்டோரின் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் அந்த நேரத்தில் பாதையில் திரும்பியது. அவன் ஓடிவிட்டான். அன்று மாலை அவருடைய மகள் குப்பியின் அடிப்பாகத்தைப் பார்த்தபோது, அதில் அச்சிட்டிருந்த தேதி கடந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன.

அந்தச் சகோதரி நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஐயா, மிளகாய் கெட்டுப் போகுமா?" இதற்குச் சரியான விடை சொல்வது நம் கடமை. அவ்விடையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய வேறு சில செய்திகளும் உண்டு. அவற்றுள் சில நிர்வாகத்தார் காதில் விழவேண்டியவை.

மிளகாய் எளிதில் கெடுவதில்லை, குப்பிதான் கெடுகிறது. அதற்குள் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று எரிப்பது, மற்றொன்று தள்ளுவது. எரிப்பது மிளகாயிலிருந்து எடுத்த எண்ணெய்ச்சத்து. அதிலுள்ள காரப்பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயர். அம்மியில் மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டவர்களுக்கு அதன் குணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. அது கண்ணில் பட்டால் இமைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். மூச்சுக்குழலில் பட்டால் இருமல் பிடுங்கும். அடைத்த டின்னில் கிடக்கும் மிளகாய்த்தூளைப் போல, இந்தச் சத்தும் பல காலம் காரத்தோடு இருக்கக்கூடியது.

தள்ளும் சரக்கோ வாயு. அழுத்தி அடைக்கப்பட்ட அந்த வாயுதான் சாற்றைப் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்திற்குக் கொண்டுபோகிறது. குப்பியின் வாயில் ஒரு சிறு அடைப்பானும், அதைச் சுற்றி ரப்பர் போன்ற ஒரு வளையமும் உண்டு. கித்தாவோடு பிறந்து வளர்ந்த நமக்கு ரப்பர் எப்படி மூப்படையும் என்பது தெரியாதா? வெப்பத்தில் கிடந்தால் தளரும்; நாள்பட்டால் வெடிப்பு விடும். செயற்கை ரப்பருக்கும் மூப்பு உண்டு. சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவே. ஓட்டையே இல்லாத சைக்கிள் டயர், சுவரில் சாய்த்து வைத்த சில மாதங்களில் காற்றிறங்கிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். இந்தக் குப்பியும் அப்படித்தான். யாரும் தொடாமலே, சத்தமில்லாமலே, அதன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. வெளியில் பார்த்தால் புதியது போலவே பளபளக்கும்.

ஆகையால்தான் செய்பவர்கள் குப்பியின் மேல் காலாவதித் தேதியை அச்சிடுகிறார்கள். பெரும்பாலும் செய்த நாளிலிருந்து இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை அது இருக்கும். அந்தத் தேதி வந்த மறுநாளே குப்பி செத்துவிடும் என்பதல்ல அதன் பொருள். அதற்குப் பிறகு அதை நம்பக்கூடாது என்பதே பொருள். மழுங்கிய உளியால் வெட்டினால் பட்டை பாழாகும், மறுநாள் தீட்டிக்கொள்ளலாம். இந்தக் குப்பி தேவைப்படும் நாளில் மறுநாள் என்பது இல்லை.

தேதியில்லாத குப்பியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தேதி இருந்தாலும் அது நெருங்கிவிட்டதா என்று பாருங்கள். கடையில் நெடுங்காலம் கிடந்த சரக்கைத் தள்ளுபடி என்று சொல்லித் தொழிலாளர் தலையில் கட்டுவது புதிய வழக்கமல்ல.

இனி, வாங்கியதைக் காக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது பகை வெப்பம். ஐம்பது டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக்கூடாது என்று இத்தகைய குப்பிகளில் பொதுவாக எழுதியிருக்கும். நம் நாட்டில் அது பெரிய வெப்பமா என்று எண்ணிவிட வேண்டாம். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்ளே அந்த அளவு எளிதில் ஏறிவிடும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியிலும், லாரியின் முன்கண்ணாடி ஓரத்திலும், அடுப்பு மேடையிலும், தகரக் கூரைக்குச் சற்றுக் கீழே உள்ள பரணிலும், புகைக்கூடத்தின் பக்கத்திலும் இதை வைக்கக்கூடாது. வெப்பத்தில் வாயு விரியும், அடைப்பான் கசியும், மிஞ்சினால் குப்பி வெடிக்கும். பல குப்பிகளில் எரியக்கூடிய சாராயமோ வாயுவோ கலந்திருப்பதால் நெருப்புக்குப் பக்கத்தில் அடிப்பதும் ஆபத்து.

இரண்டாவது பகை துரு. நம் காடுகளின் ஈரமும், மடியில் ஊறும் வியர்வையும் இரும்புக் குப்பியைத் தின்றுவிடும். பால் உறைய வைக்கும் அமிலமும், பாலில் கலக்கும் அம்மோனியாவும் இருக்கும் ஸ்டோரில் இதை வைக்கவே கூடாது. அந்த ஆவிகள் உலோகத்தை அரிக்கும் என்பதை அங்கு வேலை செய்யும் தோழர்கள் நன்கறிவார்கள். வீட்டிற்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது பகை நம் தொழிலோடு வருவது. அதைப் பட்டணத்துக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். பால் வெட்டும் கையில் பால் படாமல் இராது. அந்தக் கையால் குப்பியைத் தொட்டால், அதன் வாயிலுள்ள ஊசித்துளையில் பால் படிந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். மங்கில் உறையும் பால் அந்தத் துளையில் உறையாதா? ஆகவே குப்பியை வாய் மூடிய ஒரு சிறு துணிப்பையில் வையுங்கள். முடிச்சுப்போட்ட பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஆபத்து வேளையில் முடிச்சை அவிழ்க்க நேரமிராது. வாரம் ஒருமுறை துளையையும் பூட்டையும் பாருங்கள். பூட்டு திரும்புகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குக் குப்பியை அழுத்த வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. நெடுநாள் அசையாமல் இருந்தால் சத்து ஒருபக்கமும் நீர் ஒருபக்கமும் பிரிந்து நிற்கக்கூடும். புதிதாக வாங்கியதும் ஒரு முறை, வெட்டவெளியில், ஆளும் ஆடுமாடும் இல்லாத பக்கமாக, காற்று நம் முதுகிலிருந்து வீசும்படி நின்று, அரை நொடி மட்டும் அடித்துப் பாருங்கள். அதன் வீச்சும் தூரமும் தெரிந்துவிடும். அதற்குமேல் அடிக்கடி சோதித்துப் பார்த்தால் சோதனையிலேயே சரக்கு தீர்ந்துவிடும். சிறு குப்பியில் இருப்பது சில நொடிகளுக்கு உரிய சாறுதான். ஒருமுறை உண்மையாகவே பயன்படுத்த நேர்ந்தால், மிச்சம் இருக்கிறதே என்று வைத்திருக்காமல் புதியது வாங்குங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இதில் நம் கிராணிமார்களின் உதவி தேவை. குப்பியை வாங்கிய அன்றே அலுவலகத் தபால் தராசிலோ, மளிகைக்கடையின் சிறு தராசிலோ நிறுத்து, எடையைக் குறித்து வைக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி நிறுக்க வேண்டும். அடிக்காமலே எடை குறைந்திருந்தால் வாயு கசிகிறது என்று பொருள். அந்தக் குப்பி இனி உதவாது. ஒரு சிறு நோட்டில், பெயர், வாங்கிய நாள், காலாவதி நாள், எடை என்று நான்கு வரிசை போட்டால் போதும். செக்ரோல் எழுதும் கைக்கு இது ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யும் கிராணியைத் தொழிலாளர் குடும்பங்கள் நன்றியோடு நினைக்கும்.

காலாவதியான குப்பியை என்ன செய்வது? லயத்து வீடுகளின் பின்னால் குப்பை கொளுத்தும் குழியில் போடாதீர்கள். காலியானது போல் தோன்றும் குப்பியும் நெருப்பில் வெடிக்கும். ஆணியால் குத்தாதீர்கள். பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். குப்பியின் மேல் எழுதியுள்ள முறைப்படி அப்புறப்படுத்துங்கள். எழுத்து புரியாவிட்டால் படித்த பிள்ளையிடமோ கிராணியிடமோ கேளுங்கள்.

தவறுதலாக ஒருவர் மேல் பட்டுவிட்டால் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். உடனே காற்றோட்டமான இடத்திற்குக் கொண்டுபோங்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள். கசக்கினால் காரம் பரவும். குளிர்ந்த சுத்தமான நீரை நிறைய ஊற்றி, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கழுவச் சொல்லுங்கள். கண்ணுக்குள் வில்லை அணிந்திருந்தால் எடுத்துவிடுங்கள். தோலில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயோ, வெண்ணெயோ, களிம்போ தடவாதீர்கள். அவை காரத்தைத் தோலோடு பிடித்து வைக்கும். பட்ட துணியை மாற்றுங்கள். பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் எரிச்சல் தணியும். தணியாவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, பட்டவர் ஆஸ்துமாக்காரராக இருந்தாலோ, தாமதியாமல் 999-க்குத் தொலைபேசி செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ஆஸ்துமாக்காரருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மறக்கவேண்டாம்.

இனி, சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். நம் தண்டனைச் சட்டத்தின் 96-ஆவது பிரிவு முதல் 106-ஆவது பிரிவு வரை தற்காப்பு உரிமையைப் பற்றிக் கூறுகின்றன. தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் செயல் குற்றமாகாது. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் ஒருவருக்குத் தீங்கு செய்ய உரிமையில்லை. கீழே விழுந்துவிட்டவன் முகத்தில் மறுபடி அடிப்பது தற்காப்பல்ல. அண்டை வீட்டுச் சண்டையில் இதை எடுப்பதும் தற்காப்பல்ல. 1958-ஆம் ஆண்டிலிருந்தே அரிக்கும் பொருள்களையும் தாக்கும் ஆயுதங்களையும் பொது இடத்தில் கொண்டு செல்வதைப் பற்றி ஒரு தனிச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது. ஆகவே வாங்குமுன் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. கிளைக் காரியதரிசி உடன் வருவார். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வரும் உறவினர்கள் கவனிக்க: அங்கே பொதுமக்கள் இதை வைத்திருக்கவும் எல்லை கடந்து கொண்டுபோகவும் கூடாது. விமானத்தில் ஏறுவோர் கைப்பையிலும் பெட்டியிலும் இதை வைக்கக்கூடாது என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. வேலை முடிந்து ஊருக்குப் போகும் அவசரத்தில் பையின் மூலையில் மறந்து கிடந்த குப்பியால் பயணமே நின்றுபோகும் நிலையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் குப்பியைப் பற்றி. ஆனால் நம் மனத்தை உறுத்துவது வேறொரு கேள்வி. இந்தக் குப்பியை அந்தச் சகோதரி ஏன் தம் கூலியிலிருந்து வாங்கவேண்டி வந்தது?

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே இருட்டோடு வெட்டத் தொடங்குவது தொழிலின் நியதி. அதை நாம் மறுக்கவில்லை. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 34-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழிலகங்களிலும் விவசாயத் துறையிலும் பெண்களை இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே வேலை வாங்கக்கூடாது என்று அது பொதுவாகத் தடுத்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான வேலை வாய்ப்பு வேண்டும் என்பது காரணம். அந்தக் காரணத்தை நாமும் ஏற்கிறோம். ஆனால் ஒரு வேலியைப் பிடுங்கினால், அந்த இடத்தில் வேறொரு வேலி வேண்டாமா? பிடுங்கியவர்கள் அதை மறந்துவிட்டார்கள். இரண்டங்குலக் குப்பி ஒன்று அந்த வேலிக்குப் பதிலாக நிற்கிறது.

சட்டம் முழுவதும் கைவிட்டுவிடவில்லை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்பையும் நலத்தையும் இயன்ற அளவு உறுதி செய்வது முதலாளியின் கடமை என்று கூறுகிறது. அச்சட்டப்படி அளிக்கும் எந்தப் பாதுகாப்புக்கும் தொழிலாளரிடம் காசு பிடிக்கக்கூடாது என்றும் கூறுகிறது. நாற்பது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாகவேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணமுள்ள தொழிலாளிக்கு, முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள உரிமையுண்டு. இந்த உரிமைகள் தாளில் இருக்கின்றன. அவற்றை நிரைக்குக் கொண்டு வருவது சங்கத்தின் வேலை.

ஆகவே நிர்வாகத்தாரிடம் நாம் கேட்பவை இவை. வெளிச்சம் வரும்வரை எந்தப் பெண்ணையும் தனி நிரையில் விடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து நிரைகளை இருவர் இருவராகக் கொடுங்கள். பெரட்டுக் களத்திற்கும் நிரைக்கும் இடையே உள்ள பாதையில் பெலுக்காரை வெட்டித் துப்புரவாக்குங்கள்; திருப்பங்களில் விளக்குப் போடுங்கள். தொலைபேசிச் சமிக்ஞை எட்டாத காடுகளில் மண்டோர் குறித்த நேரத்தில் சுற்றிவரட்டும். ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஊதலாவது இருக்கட்டும். தொலைவான காட்டுக்கு லாரி அனுப்புங்கள். இவற்றுக்கும் மேல் தெளிப்பான் தேவை என்று பாதுகாப்புக் குழு முடிவு செய்தால், சட்டம் அனுமதிக்கும் வகையில் அதை நிர்வாகமே வாங்கிக் கொடுத்து, தேதி முடியுமுன் மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கூலியில் ஒரு சென் பிடிக்கக்கூடாது.

"இதையெல்லாம் கையில் கொடுத்தால் பெண்கள் வீட்டிலேயே அடித்துக்கொள்வார்கள்" என்று சிரித்துக்கொண்டு சொல்லும் ஆண்கள் நம் லயங்களில் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் மனைவி இருட்டில் தனியே போகும்போது, அந்த அரை மைல் பாதையை ஒருநாள் நீங்கள் உடன் நடந்து பார்த்ததுண்டா? மற்றொன்றும் சொல்லவேண்டும். தோட்டத்தில் எது நடந்தாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்மேல் பழிபோடும் பழக்கம் சிலரிடம் வளர்ந்து வருகிறது. முரடனுக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை. அந்தச் சகோதரியை மறித்தவன் அவருக்குத் தெரிந்த மொழியில்தான் பேசினான். நம்மோடு உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளரின் பெண்களும் அதே இருட்டில்தான் நடக்கிறார்கள். நாம் கேட்கும் பாதுகாப்பு அவர்களுக்கும் உரியது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குப்பி இருக்கிறது என்ற தைரியத்தில் தனிவழி போகாதீர்கள். அடித்துவிட்டு நின்று பார்க்காதீர்கள். கூவிக்கொண்டு ஆளிருக்கும் பக்கம் ஓடுங்கள். யானைக்கும் புலிக்கும் இந்தச் சிறு குப்பியை நம்பாதீர்கள். நடந்ததை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கிளைக்குத் தெரிவியுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். வெட்கப்படவேண்டியவன் வழிமறித்தவன்.

நம்மிடம் வந்த சகோதரி இப்பொழுது புதிய குப்பி வாங்கிவிட்டார். அதன் தேதியைத் தம் மகள் கையால் சுவர்க் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார். அது நல்லதே. ஆனால் அவர் நடக்கும் பாதையில் இன்னும் விளக்கு இல்லை, பெலுக்கார் வெட்டப்படவில்லை, அவருடைய நிரைக்குப் பக்கத்து நிரையில் இன்னும் ஆள் இல்லை. இன்று இரவு இதைப் படிக்கும் தோழர்கள் தம் வீட்டிலுள்ள குப்பியை எடுத்து அடிப்பாகத்தைப் பார்க்கட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி நிர்வாகத்திற்கு அனுப்பட்டும். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவோம், வரும்வரை எழுதுவோம்.